அத்தனை ஜெனரல்கள் இருந்தும் சோமில் ஏன் அந்தக் கதி?

நீங்கள் கேட்டிருப்பது இது: பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேட், டிவிஷன், கோர், ஆர்மி என்று அடுக்கடுக்காகத் தளபதிகள் இருந்தும், 1916 ஜூலை 1 அன்று பிரான்ஸின் சோம் போர்முனையில் ஒரே நாளில் கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் எப்படிச் செத்தார்கள்? அந்த ஜெனரல்கள் அத்தனை பேருமா முட்டாள்கள்? கூடவே கடைசி வரியில், அங்கே இந்தியப் படை இருந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த அடுக்கில் எந்தப் படியில் இருந்தவர் எதைத் தீர்மானித்தார் என்பது ஒன்று. தீர்மானித்த பிறகு, நடப்பதை அவரால் மாற்ற முடிந்ததா என்பது இன்னொன்று. முட்டாளா இல்லையா என்ற தீர்ப்பை இரண்டையும் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நான் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கப்புறம் முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகளைப் படிப்பதே பழக்கமாகிவிட்டது. ஜெர்மன் மொழி தெரியாது. எதிர்த்தரப்பைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்பில் படித்தவைதான். அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

முதலில் அடுக்கு. அடியில் பட்டாலியன்: முழு பலத்தில் சுமார் ஆயிரம் பேர், தலைமைக்கு ஒரு லெப்டினென்ட் கர்னல். நாலு பட்டாலியன் சேர்ந்தது பிரிகேட். மூன்று பிரிகேடுகளோடு சொந்தப் பீரங்கிகள், பொறியாளர் கம்பெனிகள், மருத்துவப் பிரிவுகள், சாமான் வண்டிகள், அவற்றை இழுக்கும் ஆயிரக்கணக்கான குதிரைகள் எல்லாம் சேர்ந்தால் டிவிஷன். சுமார் 18,000 பேர், தலைமைக்கு ஒரு மேஜர் ஜெனரல். தன் சாப்பாட்டையும் தன் பீரங்கியையும் தானே சுமந்துகொண்டு சண்டைக்குப் போகக்கூடிய அமைப்பு அதுதான். இன்றைக்கும் இந்திய ராணுவத்தில் காலாட்படை டிவிஷன் என்றால் பொதுவாக மூன்று பிரிகேட் கணக்குதான். அந்தப் பரம்பரையில் வந்ததே. 1918 தொடக்கத்தில் ஆள் பஞ்சம் வந்தபோது பிரிட்டிஷ் பிரிகேடை மூன்று பட்டாலியனாகக் குறைத்தார்கள். கனடாக்காரர்கள் குறைக்கவில்லை.

டிவிஷனுக்கு மேலே போனால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கோர் என்பதற்கு நிலையான ஆட்கள் கிடையாது. ஒரு லெப்டினென்ட் ஜெனரல், அவருடைய அலுவலகம், அவர் பொறுப்பில் சில மைல் நீளமுள்ள முனை, அதற்குப் பின்னால் பதித்து வைத்த கனரகப் பீரங்கிகள், இவ்வளவுதான். டிவிஷன்கள் லாட்ஜுக்கு வருகிறவர்கள் மாதிரி வந்து தங்கி, சண்டை போட்டுத் தேய்ந்து, வேறொரு கோருக்குக் கிளம்பிவிடும். தளபதிக்குத் தன் கீழே உள்ள மேஜர் ஜெனரலின் சுபாவமே பிடிபட்டிருக்காது, அதற்குள் ஆள் மாறியிருப்பார். இதற்கு விலக்கு கனடா கோரும் ஆஸ்திரேலிய கோரும். கனடாவின் நாலு டிவிஷன்களும் கடைசிவரை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. பிங், அவருக்கு அப்புறம் கர்ரி என்று இரண்டு தளபதிகளின் கீழ் ஒரே குடும்பமாகப் பழகின. பிற்பாடு அந்தக் கோர் பேர் வாங்கியதற்கு இந்த நிரந்தரமும் ஒரு முக்கிய காரணம் என்பது என் கணிப்பு. பல கோர்கள் சேர்ந்தது ஆர்மி. ஆர்மிகளுக்கு மேலே பொதுத் தலைமையகம். 1915 டிசம்பரிலிருந்து அங்கே தலைமைத் தளபதி ஹெய்க்.

இந்த அடுக்கின் மேல் பாதி முழுக்கப் புதுசு என்பதைக் கவனிக்க வேண்டும். 1914 ஆகஸ்டில் பிரான்ஸுக்குப் போனது முதலில் நாலு காலாட்படை டிவிஷன்களும் ஒரு குதிரைப்படை டிவிஷனும்தான். அப்போது ஹெய்க்கின் கையில் இருந்தது ஒரே ஒரு கோர். ஆர்மி என்ற படியே அந்த வருஷம் டிசம்பர் கடைசியில்தான் உருவானது. 1916 கோடையில் டிவிஷன்களின் எண்ணிக்கை அறுபதை நெருங்கிவிட்டது. கோஃப் என்பவர் 1914 ஆகஸ்டில் ஒரு குதிரைப்படை பிரிகேடின் தலைவர். இரண்டே வருஷத்தில் ஓர் ஆர்மிக்கே தளபதி, வயது 45. கேம்பர்லியிலும் குவெட்டாவிலும் இருந்த ஸ்டாஃப் கல்லூரிகளில் படித்தவர்கள் போர் தொடங்கும்போது சில நூறு பேர்தான். அவர்களிலும் பலர் ஆரம்பச் சண்டைகளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து டிவிஷன்களுக்கு ஒரே நேரத்தில் பீரங்கித் திட்டமும் ரயிலும் தண்ணீரும் கணக்குப் போடுவது எப்படி என்று அந்த ராணுவத்தில் யாருக்கும் அனுபவம் இல்லை. இது சாக்கு மாதிரித் தெரியலாம், நிலவரம் அதுதான்.

சரி, திட்டத்துக்கு வருவோம். சோமில் பிரதான தாக்குதல் நாலாவது ஆர்மியின் பொறுப்பு, தளபதி ராலின்சன். 1916 ஏப்ரலில் அவர் கொடுத்த திட்டம் அடக்கமானது. ஜெர்மானியரின் முதல் வரிசையைப் பிடித்து நிற்போம், எதிர்த்தாக்குதலுக்கு வருகிறவர்களை அங்கிருந்தே அடிப்போம், பீரங்கிகளை முன்னால் நகர்த்திவிட்டு அடுத்த வரிசைக்குப் போவோம் என்பது அதன் சாரம். ஹெய்க்குக்கு அது போதவில்லை. முனையின் பெரும்பகுதியில் இரண்டாம் வரிசையையும் முதல் வீச்சிலேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பீரங்கிகள் அப்படியே இருக்க, அவை அடித்து நொறுக்க வேண்டிய ஆழம் ஏறக்குறைய இரட்டிப்பானது. இதுவரை ஆவணத்தில் இருப்பது, சந்தேகமே இல்லை.

ராலின்சன் ஏன் கடைசிவரை மல்லுக்கு நிற்கவில்லை என்பது சந்தேகத்துக்குரிய பகுதி. 1915 மார்ச்சில் நவ் ஷப்பேல் சண்டையில் ஒரு தாமதத்துக்குத் தன் கீழிருந்த டிவிஷன் தளபதி டேவிஸ் மேல் ராலின்சன் பழியைப் போட்டார். டேவிஸ் எதிர்த்துக் கேட்டபோது, உத்தரவு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பதவியே போகவிருந்த நேரத்தில் காப்பாற்றியது ஹெய்க். அந்தக் கடன்தான் 1916இல் அவர் வாயைக் கட்டியது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஊகம். மேலதிகாரி சொன்னதற்கு ஓரளவு மறுப்பு எழுதி வைத்துவிட்டு அப்புறம் பணிந்துபோவது எந்த ராணுவத்திலும் நடப்பதுதான். அதற்குக் கடன்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஏழு நாள் குண்டுவீச்சு, 15 லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகள். கேட்டால் மலைப்பாக இருக்கும். நாலாவது ஆர்மியிடம் 1,400க்கு மேல் பீரங்கிகள் இருந்தன. அவற்றில் கனரகப் பீரங்கிகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் சிறிய களப் பீரங்கி. அவை பெரும்பாலும் வீசியது சிதறுகுண்டு. திறந்தவெளியில் நிற்கும் ஆளைக் கொல்லும், முள்கம்பியை ஓரளவு அறுக்கும், சுண்ணாம்புப் பாறைக்குள் இருபது முப்பது அடி ஆழத்தில் வெட்டிய நிலவறையில் உட்கார்ந்திருப்பவனை ஒன்றும் செய்யாது. அவசரமாகத் தயாரான குண்டுகளில் வெடிக்காமலே மண்ணில் புதைந்தவை ஏராளம். உழவர்கள் இன்றுவரை தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கஜ நீளப் பதுங்குகுழிக்கு எவ்வளவு எடை விழுந்தது என்று கணக்குப் பார்த்தால், முந்தின வருஷம் நவ் ஷப்பேலில் 35 நிமிடத்தில் விழுந்ததைவிடச் சோமில் ஏழு நாளில் விழுந்தது குறைவு. என்னைக் கேட்டால், ஜூலை 1இன் முடிவை இந்த ஒரு வகுத்தல் கணக்கே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம்: பீரங்கியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ராலின்சன் பெருமளவு கோர் தளபதிகளிடமே விட்டுவிட்டார். அதனால் ஒரே காலையில், ஒரே ஆர்மிக்குள், இடத்துக்கு இடம் வேறு வேறு போர் நடந்தது. தெற்குக் கோடியில் காங்கிரீவின் 13-வது கோர். அங்கே 18-வது டிவிஷனின் மேக்ஸி பயிற்சிப் பைத்தியம் என்று பெயரெடுத்தவர். காலாட்படைக்கு முன்னால் மெல்ல ஊர்ந்து போகும் குண்டுத்திரை அங்கே உண்டு. பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரர்களின் கனரகப் பீரங்கிகளும் சேர்ந்து எதிரியின் பீரங்கிகளை முன்கூட்டியே நொறுக்கியிருந்தன. காலை பத்து மணி வாக்கில் மோந்தோபான் கிராமம் கையில். அதற்கு மேலும் போக காங்கிரீவ் அனுமதி கேட்டார், ராலின்சன் மறுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கான ஆதாரம் மெலிவானது, நான் அதை வைத்து எதையும் கட்டமாட்டேன்.

வடக்கே ஹன்டர் வெஸ்டனின் 8-வது கோர். போமோன் ஹமெல் அருகே ஹாத்தோர்ன் மேட்டுக்கு அடியில் ஒரு பெரிய வெடிச் சுரங்கம் தயாராக இருந்தது. அதைத் தாக்குதலுக்கு நாலு மணி நேரம் முன்பே வெடித்துவிட அவர் விரும்பினார். மேலே சம்மதிக்கவில்லை. பேரம் படிந்து 7:20 என்று முடிவானது, தாக்குதல் 7:30க்கு. வெடிச் சத்தமே எதிரிக்கு மணியடித்துச் சொன்ன மாதிரி ஆயிற்று. போதாததற்கு, அந்தக் கோரின் கனரகப் பீரங்கிகளும் அதே 7:20க்கு எதிரியின் முன் வரிசையை விட்டுவிட்டுப் பின்னால் அடிக்கப் போய்விட்டன. பத்து நிமிடம் போதும், நிலவறையிலிருந்து ஏறி வந்து இயந்திரத் துப்பாக்கியை வைக்க. அந்தக் கோருக்கு மட்டும் சேதம், அதாவது செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து, சுமார் 14,000. பிடித்து வைத்துக்கொண்ட நிலம் ஒன்றுமில்லை. இந்த 7:20 முடிவை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் எனக்கு நியாயம் தெரியவில்லை. முட்டாள்தனம் என்ற வார்த்தையை எங்காவது பயன்படுத்த வேண்டுமென்றால் இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

முடிவெடுத்துவிட்ட பிறகு ஒரு தளபதியால் என்ன செய்ய முடிந்தது? இது என் துறை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். தொலைபேசிக் கம்பியை ஆறடி ஆழத்தில் புதைத்தால் குண்டுக்குத் தப்பும். அப்படி மைல் கணக்கில் புதைத்தார்கள். ஆனால் அந்தக் கம்பி தன் சொந்த முன் வரிசையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் போனவர்கள் சேதி அனுப்ப ஓட்டக்காரன், புறா, கொடி, விளக்கு, வண்ண வெளிச்சக் குண்டு. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய வயர்லெஸ் அப்போது இல்லை. ஓட்டக்காரன் கடக்க வேண்டிய வெளியில் எதிரியின் குண்டு மழை. பத்துப் பேரை அனுப்பினால் ஒருவன் வரலாம், அவன் கொண்டு வரும் சேதி ஒரு மணி நேரம் பழையது. அது பட்டாலியனிலிருந்து பிரிகேடுக்கு, பிரிகேடிலிருந்து டிவிஷனுக்கு, அங்கிருந்து கோருக்கு என்று ஏறிப்போய், உத்தரவாகத் திரும்பி இறங்குவதற்குள் களத்தில் எல்லாம் மாறியிருக்கும்.

போமோன் ஹமெலில் 29-வது டிவிஷனின் வீரர்கள் முதுகுப்பையில் தகர முக்கோணங்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். வெயிலில் மின்னும், எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று பின்னாலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை. அந்த டிவிஷன் தளபதி டி லைல் கண்ணில் எதிரி வரிசைப் பக்கத்திலிருந்து வெள்ளை வெளிச்சக் குண்டு ஒன்று பட்டது. இலக்கைப் பிடித்துவிட்டோம் என்பதற்கு பிரிட்டிஷ் தரப்பில் வைத்திருந்த அடையாளமும் வெள்ளைதான். உண்மையில் அது ஜெர்மானியர்கள் தங்கள் சொந்தப் பீரங்கிகளுக்குக் காட்டியது, குண்டு எதிரி வரை எட்டாமல் தங்கள் பக்கமே விழுகிறது என்று சொல்ல. வெற்றி என்று நம்பி அடுத்த பிரிகேடிலிருந்து படையை அனுப்பினார். அதில் ஒன்று நியூஃபவுண்ட்லாந்து பட்டாலியன். முன் வரிசைக்குப் போகும் குழிப்பாதைகளில் காயம்பட்டவர்களும் பிணங்களும் அடைத்துக் கிடந்ததால், அவர்கள் பின் வரிசையிலிருந்தே வெளியேறித் திறந்தவெளியில் நடந்தார்கள். தங்கள் தரப்பு முள்கம்பியில் விட்டிருந்த இடைவெளிகளைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பேர் விழுந்தார்கள். போனவர்கள் ஏறக்குறைய 800. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68. நடந்து முடிய அரை மணி நேரம்.

மேலே போகப்போக இருட்டு இன்னும் அதிகம். அன்று இரவு ஹெய்க் தன் நாட்குறிப்பில், 8-வது கோரில் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தவர்களே சொற்பம் போலிருக்கிறது என்ற தோரணையில் எழுதினார். 14,000 பேரை இழந்த கோரைப் பற்றி எழுதியது இது! மறுநாள் அவருக்குச் சொல்லப்பட்ட சேதக் கணக்கு நாற்பதாயிரம் சொச்சம். உண்மைக் கணக்கு பிற்பாடு தெரிந்தது: 57,470 பேர் சேதம், அதில் இறந்தவர்கள் 19,240. ஈவிரக்கமற்றவர் என்று இந்த வரியைக் காட்டித் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது, கண்ணும் காதும் இல்லாமல் ஒரு போரை நடத்திய மனிதர்.

பழி எப்படி இறங்கியது என்பதற்கு 46-வது டிவிஷனைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியிலிருந்து வந்த பகுதிநேரப் படைவீரர்கள், ஸ்டாஃபோர்டு, லெஸ்டர், நாட்டிங்ஹாம் பக்கத்து ஆட்கள். ஜூலை 1 அன்று அவர்கள் இருந்தது நாலாவது ஆர்மிக்கு வடக்கே, ஆலன்பியின் மூன்றாவது ஆர்மியில், ஸ்னோவின் 7-வது கோரில். கொம்கூர் என்ற இடத்தை ஒரு பக்கத்திலிருந்து இவர்களும் மறுபக்கத்திலிருந்து லண்டன் டிவிஷனான 56-வதும் தாக்க வேண்டும். அது வெறும் கவனத் திருப்பல். எதிரி பார்த்து ஏமாந்து இங்கே படை குவிக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பாடுகளை மறைக்காமல் செய்யச் சொல்லியிருந்தார்கள். எதிரியும் பார்த்தான், குவித்தான். முந்தின நாட்களின் மழையில் குழிகளில் சேறு. மறைப்புக்குக் கிளப்பிய புகையில் அவர்களே திசை தடுமாறினார்கள். முள்கம்பி பல இடத்தில் அறுபடவேயில்லை. உள்ளே நுழைந்த சிலர் அங்கேயே சூழப்பட்டு முடிந்தார்கள். பிற்பகலில் மறுபடி தாக்கச் சொல்லி உத்தரவு. டிவிஷன் தளபதி ஸ்டூவர்ட் வொர்ட்லி, பலன் இல்லை என்று தெரிந்து, பெயருக்கு மிகச் சிறிய படையோடு அதை நிறுத்திக்கொண்டார்.

அந்த டிவிஷனுக்குச் சேதம் 2,455. அன்று தாக்கிய டிவிஷன்களில் மிகக் குறைவு அதுதான், அதுவே குற்றமாயிற்று. ‘தாக்கும் மனப்பான்மை இல்லை’ என்று ஸ்னோ அறிக்கை எழுத, ஸ்டூவர்ட் வொர்ட்லியை வீட்டுக்கு அனுப்பினார்கள். போர்முனையில் அவருக்கு மறுபடி ஒரு டிவிஷன் கிடைக்கவில்லை. அவர் மேல் ஹெய்க்குக்கு ஏற்கெனவே கசப்பு இருந்தது. தன் டிவிஷனைப் பற்றி மன்னருக்கு நேரடியாகக் கடிதம் எழுதும் வழக்கம் அவருக்கு. அந்தக் கசப்பும் தீர்ப்பில் கலந்ததா என்பதை நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கவனத் திருப்பலைத் திட்டமிட்ட ஸ்னோ இன்னும் ஒன்றரை வருஷம் கோர் தளபதியாக இருந்தார். 7:20 புகழ் ஹன்டர் வெஸ்டன் போர் முடியும்வரை கோர் தளபதிதான். இடையில் அந்த அக்டோபரிலேயே இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்! அடுக்கில் கீழே இருந்தவருக்குத் தண்டனை சீக்கிரம் வந்தது, மேலே இருந்தவருக்கு வரவில்லை என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

இப்போது அதே 46-வது டிவிஷனை 1918 செப்டம்பர் 29 அன்று பாருங்கள். எதிரே ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் அரண்வரிசை. அதன் முன்னால் செங்குத்தான கரைகளோடு சென் காந்தேன் கால்வாய். திட்டத்தில் கால்வாயை நேராகக் கடப்பது முதலில் இல்லை. அது சுரங்கத்துக்குள் மறைந்து போகும் பகுதியில் தரைமேல் தாக்கலாம் என்பதே ஆஸ்திரேலிய கோரின் மொனாஷ் தீட்டியது. 9-வது கோரின் தளபதி பிரைத்வெயிட் தங்களால் கால்வாயைக் கடக்க முடியும் என்றார்; மொனாஷ் ஆட்சேபித்தும், ஆர்மி தளபதி ஒப்புக்கொண்டார். அந்த ஆர்மி தளபதி யார் தெரியுமா? அதே ராலின்சன். பிரைத்வெயிட்டும் கல்லிப்போலித் தோல்வியில் தலைமை ஸ்டாஃப் அதிகாரியாக இருந்து பேர் கெட்டவர்தான்.

காலை 5:50, கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத மூடுபனி. ஆங்கிலக் கால்வாயில் ஓடும் கப்பல்களிலிருந்து மூவாயிரம் மிதவை அங்கிகளைக் கொண்டுவந்து ஸ்டாஃபோர்டுக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மடக்குப் படகு, ஏணி, கயிறு எல்லாம் தயார். ரிக்வால் பாலத்தில் ஜெர்மானியர்கள் வெடி வைத்திருந்தார்கள். கேப்டன் சார்ல்டன் ஒன்பது பேரோடு, பனிக்குள் திசைகாட்டியைப் பார்த்தே இறங்கி வந்து, இயந்திரத் துப்பாக்கிக் குழுவைத் துப்பாக்கி ஈட்டியால் முடித்துவிட்டு, வெடியைப் பற்றவைக்க ஓடிவந்தவர்களையும் வீழ்த்தி, கம்பிகளை அறுத்தார். பாலம் முழுசாகக் கிடைத்தது. அன்று அந்த ஒரு டிவிஷன் பிடித்த கைதிகள் 4,000க்கு மேல். தன் தரப்பில் சேதம் சுமார் 800.

என்ன மாறியது? சிப்பாய் மாறியிருந்தான், 1916இல் இருந்தவர்களில் பலர் உயிரோடு இல்லை, அவர்கள் இடத்தில் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்த இளைஞர்கள். ஆகவே அனுபவசாலிகள் ஜெயித்தார்கள் என்று சுலபமாகச் சொல்ல முடியாது. பெரிதாக மாறியது பீரங்கி. எதிரியின் பீரங்கி இருக்கும் இடத்தைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் முறையை லாரன்ஸ் பிராக் முன்னின்று வளர்த்திருந்தார். 25 வயதில் நோபல் வாங்கிய அதே இயற்பியலாளர். முள்கம்பியைத் தொட்டவுடனே மண்ணுக்குள் புதையாமல் வெடிக்கும் 106 எண் ஃப்யூஸ் 1917இல் வந்துவிட்டது. முன்கூட்டிச் சுட்டுப் பார்க்காமல், வரைபடத்தையும் காற்றையும் கணக்கிட்டு முதல் குண்டையே இலக்கில் போடும் வித்தை கம்ப்ரே சண்டையில் பெரிய அளவில் கைகூடியது. அந்தக் கால்வாய் அரணின் ஜெர்மன் வரைபடமே ஆகஸ்டில் ராலின்சன் படையிடம் சிக்கியிருந்தது. கோரில் பீரங்கித் தலைவர் வெறும் ஆலோசகராக இல்லாமல் உத்தரவு போடுகிறவராக ஆகியிருந்தார். கோரும் டிவிஷனும் அலுவலக வேலையைக் கற்றிருந்தன. ஆர்மி தளபதி கீழே இருப்பவர் சொன்ன யோசனையை ஏற்றுக்கொண்டார். இதுவும் ஒரு மாற்றம்தான். பனியும் அதிர்ஷ்டமும் கூடச் சேர்ந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஹெய்க் விஷயத்தில் வரலாற்றாசிரியர்கள் நூறு வருஷமாக ஒத்துப்போகவில்லை, நானும் தீர்த்து வைக்கப்போவதில்லை. 1918 வெற்றியில் அவர் பங்கு என்ன, கீழே இருந்தவர்கள் அவரையும் மீறிக் கற்றுக்கொண்டார்களா என்பதே சண்டையின் மையம். பிரெஞ்சுக்காரர்கள் வெர்தனில் பிப்ரவரி முதல் நசுங்கிக்கொண்டிருந்ததால் சோமைத் தள்ளிப்போடும் சுதந்திரம் அவருக்கு அதிகம் இருக்கவில்லை என்பது அவர் பக்க நியாயம். ஒவ்வொரு முறையும் உடைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நம்பி, குதிரைப்படையைத் தயாராக வைத்துக்கொண்டு, பீரங்கியை மெல்லிசாகப் பரப்பியது அவர் பக்கக் குற்றம். 1917இல் மூன்றாம் ஈப்ர் போரின் முதல் கட்டத்தைக் கவனமான இன்னொரு ஆர்மி தளபதி புளூமரிடம் கொடுக்காமல் அவசரக்காரரான கோஃபிடம் கொடுத்தபோது அதே சபலம் மறுபடி தெரிந்தது. அதே புளூமர்தான் அந்த ஜூனில் மெஸ்ஸின் மேட்டில் 19 சுரங்கங்களை வெடித்து, அளவான நிலத்தைப் பிடித்து, அதோடு நின்று காட்டியவர். ஆள் தேர்வில் ஹெய்க் செய்த பிழை என்று நான் நினைப்பது இதைத்தான்.

தளபதிகள் மாளிகையில் சொகுசாக இருந்தார்கள் என்பது பாதி உண்மை. ராலின்சன் கெரியூ மாளிகையில்தான் இருந்தார். ஓர் ஆர்மியின் தொலைபேசிகளும் குமாஸ்தாக்களும் மோட்டார் சைக்கிள்களும் அடங்க அப்படியொரு கட்டடம் தேவை, முன் வரிசைக்கு ஓடிப்போனால் அவர் பார்ப்பது நூறு கஜம்தான். டிவிஷன் தளபதிகள் வேறு மாதிரி. 1915இல் லூஸ் சண்டையில் மட்டும் கேப்பர், தீசிகர், விங் என்று மூன்று டிவிஷன் தளபதிகள் செத்தார்கள். 34-வது டிவிஷனின் இங்கோவில் வில்லியம்ஸ் சோமிலேயே 1916 ஜூலை 22 அன்று குண்டுக்குப் பலியானார். காங்கிரீவின் மகன் அதற்கு இரண்டு நாள் முன் அதே போர்முனையில் கொல்லப்பட்டான். ‘கழுதைகள் நடத்திய சிங்கங்கள்’ என்று ஒரு ஜெர்மன் தளபதி பிரிட்டிஷ் படையைச் சொன்னதாகப் பரவியிருப்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இதுவரை யாரும் காட்டவில்லை.

கடைசியாக, இந்தியப் படை. இந்தியக் காலாட்படை டிவிஷன்களான லாகூரும் மீரட்டும் 1914 இலையுதிர் காலத்திலேயே பிரான்ஸுக்கு வந்து, நவ் ஷப்பேலில் பெரிய விலை கொடுத்து, 1915 கடைசியில் மெசபடோமியாவுக்குப் போய்விட்டன. ஆகவே சோமில் ஜூலை 1 அன்று தாக்கியவர்களில் அவர்கள் இல்லை. ஆனால் இந்தியக் குதிரைப்படை பிரான்ஸிலேயே இருந்தது. ஜூலை 14 அன்று ராலின்சன் இரவோடு இரவாகப் படையை வெளியில் கொண்டுவந்து நிறுத்தி, விடிவதற்கு முன் 3:25க்குத் தாக்கி, இரண்டாம் வரிசையின் பெரிய துண்டைப் பிடித்தார். இந்த முறை குறைந்த நீளத்தில் பீரங்கியைக் குவித்திருந்தார். அன்று மாலை செகந்திராபாத் பிரிகேடைச் சேர்ந்த 20-வது டெக்கான் ஹார்ஸும் பிரிட்டிஷ் 7-வது டிராகூன் கார்டுகளும் ஹை வுட் காட்டுக்குப் பக்கத்து வயலில் ஈட்டிகளோடு பாய்ந்தார்கள். பயிருக்குள் ஒளிந்திருந்தவர்களில் சிலரைக் குத்தினார்கள், சிலரைப் பிடித்தார்கள், இரவானதும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். காலையில் அந்தக் காடு கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்தது; உத்தரவு மேலே போய்க் கீழே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதைப் பிடிக்க அப்புறம் செப்டம்பர் 15 வரை ஆனது.